உங்களுக்கு உண்மையில் எத்தனை ஆங்கிலச் சொற்கள் தெரியும்? சொல்வளத் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது என் தொழில். வாரம் தவறாமல் யாராவது கைப்பேசியை நீட்டி, "சொல்வளத் தேர்வு எழுதினேன், 14,000 என்று வந்திருக்கிறது, சரிதானா?" என்று கேட்கிறார்கள். 5,000 என்று வந்ததற்காக முகம் வாடி நிற்பவர்களும் உண்டு. இருவரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தேர்வு எதை ஒரு சொல் என்று எண்ணியது, எதைத் தெரியும் என்று ஒப்புக்கொண்டது? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் அந்த எண்ணைப் பார்த்து மகிழவும் முடியாது, வருந்தவும் முடியாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒருவருக்குத் தெரிந்த சொற்களை உண்மையிலேயே எண்ணிவிட முடியுமா?

ஒவ்வொன்றாக எண்ண முடியாது. மதிப்பிடலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே வழிதான். சில சொற்களை எடுத்துச் சோதித்து, அவற்றில் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, மொத்தத்தையும் கணிக்கிறார்கள்.

ஆனால் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். சொல்வளம் சீராக வேகாத பானை. ஆங்கிலத்தில் சில சொற்கள் ஓயாமல் வருகின்றன. பெரும்பாலானவை எப்போதோ ஒருமுறை தலைகாட்டுகின்றன. 1961இல் அமெரிக்காவில் வெளியான எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் சொற்களைத் திரட்டிய பிரவுன் தொகுப்பில் 'தி' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே கிட்டத்தட்ட 7 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதே தொகுப்பில் ஒரே ஒருமுறை மட்டும் வரும் சொற்களோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எனவே புழக்கம் மிகுந்த பகுதியில் மட்டும் கையை விட்டுப் பார்த்தால் எல்லாம் வெந்தது போலத் தெரியும். அடியில் மட்டும் துழாவினால் எல்லாமே அரிசியாகக் கிடக்கும். நல்ல தேர்வு புழக்கத்தின் அடிப்படையில் சொற்களை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சமமாக எடுக்கும். நீங்கள் எழுதிய தேர்வு அப்படிச் செய்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

ஆங்கிலத்தில் மொத்தம் எத்தனை சொற்கள் இருக்கின்றன?

1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், புழக்கத்தில் உள்ளவையாக 1,71,476 சொற்களுக்கு முழுப் பதிவுகள் உண்டு. 1961இல் வெளியான வெப்ஸ்டரின் மூன்றாம் பன்னாட்டு அகராதி 4,50,000க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டது. இந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். இவற்றில் வேதியியல் பெயர்கள், பூச்சியினங்கள் போன்ற துறைச்சொற்களும் அரிதாகவே தலைகாட்டும் சொற்களும் நிறைய. இவை அனைத்தையும் அறிந்தவர் யாருமில்லை.

தேர்வுக்குத் தேர்வு எண் இவ்வளவு மாறுகிறதே, ஏன்?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. 'ரன்' என்ற வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரன்', 'ரன்ஸ்', 'ரேன்', 'ரன்னிங்' ஆகியவை நான்கு சொற்களா, ஒன்றா? வடிவத்தை எண்ணுகிறவருக்கு நான்கு. அகராதியின் தலைச்சொல்லை எண்ணுகிறவருக்கு ஒன்று. இன்னொரு கணக்கும் உண்டு. 'நேஷன்', 'நேஷனல்', 'நேஷனலிட்டி', 'இன்டர்நேஷனல்' ஆகியவை தலைச்சொற்களாகப் பார்த்தால் நான்கு. ஆனால் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால் சொற்குடும்பமாகப் பார்த்தால் ஒன்றுதான்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஆய்வையே காட்டலாம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பிரிஸ்பார்ட்டும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்க ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 20 வயதுக்காரருக்குச் சராசரியாக 42,000 தலைச்சொற்கள் தெரியும். அதே ஆளுக்குத் தெரிந்த சொற்குடும்பங்களை எண்ணினால் ஏறத்தாழ 11,100தான். ஆளும் ஒருவர், மூளையும் ஒன்று. எண் மட்டும் நான்கு மடங்கு வேறுபடுகிறது.

ஒரு தேர்வில் உங்களுக்கு 9,000 சொற்குடும்பங்கள் என்று வந்திருக்கலாம். நண்பருக்கு வேறொரு தேர்வில் 20,000 தலைச்சொற்கள் என்று வந்திருக்கலாம். உங்கள் சொல்வளம் அவருடையதைவிடப் பெரிதாகவே இருக்கக்கூடும். எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொடுக்கும் தேர்வை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஒரு சொல் 'தெரியும்' என்று எப்போது சொல்லலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எங்கேயோ பார்த்த முகத்தைப் பெயர் தெரிந்த முகமாக எடுத்துக்கொள்வது போலத்தான் சொற்களிலும் நடக்கிறது.

'நாய்சம்' என்று ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. 'நாய்ஸ்' தெரிந்த எவருக்கும் இது இரைச்சல் மிகுந்தது என்று பொருள் தருவது போலத் தோன்றும். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு நாவலில் நாய்சம் என்ற அடையோடு ஒரு சாக்கடை வந்தது. சாக்கடை எப்படி இரைச்சலிடும் என்று அகராதியைப் புரட்டினேன். குமட்டும் நாற்றமுடையது என்று போட்டிருந்தது. இரைச்சலுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. 'எனர்வேட்' என்ற சொல்லும் இப்படித்தான். 'எனர்ஜி' போல ஒலிப்பதால் ஊக்கம் தருவது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருள் நேர் எதிரானது, வலுவை உறிஞ்சுவது. 'இந்தச் சொல் தெரியுமா?' என்று மட்டும் கேட்கும் தேர்வில் இந்த இரண்டுக்கும் தயங்காமல் 'தெரியும்' என்று குறித்திருப்போம். அதில் பொய் ஏதும் இல்லை. உண்மையாகவே தெரியும் என்றுதான் நம்பியிருப்போம்.

பாதி தெரிவதும் உண்டு. 'சாங்ஷன்' என்ற சொல்லைத் தமிழ் பேசுகிறவர்கள் நன்றாக அறிவோம்: கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, விடுப்பு சாங்ஷன் ஆகவில்லை. அதாவது ஒப்புதல். ஆனால் ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தார்கள் என்று ஆங்கிலச் செய்தியில் வந்தால் அது தண்டனையாக விதிக்கும் தடை. ஒரே சொல்லுக்குள் அனுமதியும் தடையும் குடியிருக்கின்றன. முதல் பொருளை மட்டும் அறிந்தவருக்கு அந்தச் சொல் தெரியுமா, தெரியாதா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள் வைத்திருக்கும் தேர்வால் இதற்கு விடை சொல்ல முடியாது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி வெஷ், சிமா பரிபக்த் ஆகிய இருவரும் 1990களில் ஐந்து படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். ஒன்று, பார்த்ததே இல்லை; இரண்டு, பார்த்திருக்கிறேன், பொருள் தெரியாது; மூன்று, இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்; நான்கு, தெரியும், பொருள் இது; ஐந்து, வாக்கியத்தில் வைத்து எழுதுவேன், இதோ வாக்கியம். மூன்றாம் படியிலிருந்து சும்மா குறியிட்டுவிட்டுப் போக முடியாது, எழுதிக் காட்ட வேண்டும். அதனாலேயே இது எனக்குப் பிடிக்கும். பேனா எடுத்த உடனே பாதிப் பேருக்குத் தங்கள் சொல்வளம் எங்கே நிற்கிறது என்று விளங்கிவிடுகிறது.

எந்த வகைத் தேர்வு நம்பத்தக்கது?

பரவலாக இருப்பவை இரண்டு வகை.

ஒன்று, பலவுள் தெரிவு. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நேஷன் இந்தத் துறையில் பெரிய பெயர். அவரும் டேவிட் பெக்லரும் 2007இல் வெளியிட்ட சொல்வள அளவுத் தேர்வில் 140 கேள்விகள். புழக்கத்தின்படி முதல் ஆயிரம் சொற்குடும்பங்கள், இரண்டாம் ஆயிரம் என்று 14 அடுக்குகள். அடுக்குக்குப் பத்துக் கேள்விகள். பொருளைக் காட்டிக்கொடுக்காத ஒரு சிறு வாக்கியத்தில் சொல்லை வைத்து நான்கு விடைகள் தருவார்கள். சரியான விடைகளின் எண்ணிக்கையை 100ஆல் பெருக்கினால் சொற்குடும்பக் கணக்கு வந்துவிடும். கட்டமைப்பு அழகானது, எதை எண்ணுகிறது என்பதும் தெளிவு.

குறை, ஊகம். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக 35 கேள்விகள் சரியாகிவிடும். ஆங்கிலமே அறியாதவருக்கும் 3,500 குடும்பங்கள் தெரியும் என்று ஆகிவிடுகிறது. உண்மையில் 80 கேள்விகளுக்கு விடை தெரிந்தவர் மீதி 60ஐயும் குருட்டாம்போக்கில் தொட்டால் அவற்றில் 15 சரியாகி, 8,000 என்பது 9,500 ஆகிவிடும். இந்தத் தேர்வை எழுதும் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: தெரியாததை வெறுமையாக விடுங்கள். யாரும் உங்களுக்கு மதிப்பெண் போடப் போவதில்லை.

மற்றது, 'ஆம்–இல்லை' தேர்வு. சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டித் தெரியுமா என்று மட்டும் கேட்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், நிறைய சொற்களைச் சோதிக்கலாம். ஆனால் நேர்மையைக் கண்காணிக்க ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் போலிச்சொற்கள்.

போலிச்சொற்களா? இல்லாத சொற்களை ஏன் கலக்கிறார்கள்?

'டெரவேட்', 'மார்சிபிள்' என்று இரண்டைப் பாருங்கள். ஆங்கிலச் சொற்கள் போலவே ஒலிக்கின்றன. இரண்டும் நான் இப்போது உருவாக்கியவை, எந்த அகராதியிலும் இல்லை. இவற்றுக்கும் 'தெரியும்' என்று குறிப்பவர், தெரியாத உண்மைச் சொற்களுக்கும் அப்படித்தான் குறித்திருப்பார் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கழித்துவிடுகிறார்கள். ரிச்சர்ட் ஆண்டர்சனும் பீட்டர் ஃப்ரீபாடியும் 1983இல் இந்த உத்தியைக் கையாண்டார்கள். 1987இல் பால் மியாராவும் பார்பரா பக்ஸ்டனும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். 2012இல் வந்த லெக்ஸ்டேல் தேர்வும் இதே வழியில் போகிறது. 40 உண்மைச் சொற்கள், 20 போலிகள். அது சொற்களின் எண்ணிக்கையைத் தருவதில்லை, ஒரு சதவீதத்தை மட்டும் தருகிறது.

கணக்கு இப்படி ஓடும். 70 உண்மைச் சொற்களும் 30 போலிகளும் கொண்ட தேர்வு என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 56 உண்மைச் சொற்களுக்கு 'தெரியும்' என்கிறார், அதாவது 80 சதவீதம். ஆனால் 9 போலிகளுக்கும் தலையாட்டிவிட்டார், அது 30 சதவீதம். கழித்தால் 50. இரண்டாமவர் 42 சொற்களுக்குத்தான் 'தெரியும்' என்றார், 60 சதவீதம். போலிகளில் ஒன்றில் மட்டும் வழுக்கினார், ஏறத்தாழ 3 சதவீதம். அவருக்கு 57. கூசாமல் குறித்தவரைவிடத் தயங்கிக் குறித்தவர் மேலே நிற்கிறார்.

போலிச்சொல் இல்லாத 'ஆம்–இல்லை' தேர்வுகளும் நிறைய இருக்கின்றன. அவற்றின் எண் உங்கள் தன்னம்பிக்கையைத்தான் அளக்கிறது என்பது என் கருத்து.

ஒரே நாளில் ஒரே தேர்வை இருமுறை எழுதினேன். 4,000 வித்தியாசம் வருகிறதே?

வரும். நூறு சொற்களைச் சோதித்து 60 தெரிந்தால், உண்மையான விகிதம் 50க்கும் 70க்கும் இடையே எங்கும் இருக்கலாம். மாதிரியெடுப்பின் இயல்பே அதுதான். மொத்தம் 40,000 தலைச்சொற்களை வைத்துக் கணிக்கும் தேர்வில் உங்களுக்கு 24,000 என்று திரையில் வந்தால், அதன் நேர்மையான வடிவம் '20,000 முதல் 28,000 வரை' என்பதுதான். 23,847 என்று கடைசி இலக்கம் வரை துல்லியமாகக் காட்டினாலும் அது வெறும் தோற்றம். முதலிரண்டு இலக்கங்களுக்கு மேல் நான் படிப்பதே இல்லை.

அகராதியை வைத்துக்கொண்டு நானே சோதிக்க முடியுமா?

முடியும். எல்லாவற்றிலும் சிறந்த வழி இதுதான் என்று சொல்வேன். ஒரு மாலைப்பொழுது போதும்.

நடுத்தர அளவுள்ள அகராதி ஒன்றை எடுங்கள். தலைச்சொற்கள் எத்தனை என்று முன்னுரையில் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். 30,000 என்று வைத்துக்கொள்வோம். 1,200 பக்கம். அப்படியானால் பக்கத்துக்குச் சராசரி 25 தலைச்சொற்கள். 120 பக்கங்களுக்கு ஒன்றாகப் பத்துப் பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள். பிடித்த பக்கத்தைத் திறக்காமல் 60, 180, 300 என்று முன்கூட்டியே எண்ணை முடிவு செய்துவிடுங்கள். அந்தப் பக்கங்களில் உள்ள எல்லாத் தலைச்சொற்களையும் யாரையாவது வாசிக்கச் சொல்லி, பொருளை நீங்கள் எழுதுங்கள். தனியாகச் செய்தால் ஒரு அட்டையால் விளக்கத்தை மறைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுதி முடித்த பிறகே விடையைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு 'அட, இது எனக்குத் தெரியுமே' என்று சொல்லிக்கொள்வது கணக்கில் சேராது.

ஒவ்வொரு சொல்லையும் மூன்றில் ஒரு கட்டத்தில் போடுங்கள்: வாக்கியத்தில் எழுதுவேன், படித்தால் புரியும், தெரியாது அல்லது சந்தேகம். 250 சொற்களில் முதல் இரண்டு கட்டங்களில் 95 விழுந்தால் 38 சதவீதம். 30,000இல் அது 11,400. முன்பின் 1,800 ஏறலாம், இறங்கலாம். பக்கம் பக்கமாக எடுத்திருப்பதால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே விலகலாம்.

பக்கத்தில் முதல் சொல்லை மட்டும் எடுத்துச் சோதித்தால் வேலை எளிதுதானே என்று கேட்பார்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பெரிய ஆய்வாளர்களே அதில் விழுந்திருக்கிறார்கள். புழக்கம் மிகுந்த சொற்களுக்கு அகராதியில் இடம் அதிகம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள். பக்கத்தின் ஏதாவது ஓரிடத்தைக் குறிவைத்துச் சொல் எடுத்தால், பரந்து கிடக்கும் இத்தகைய எளிய சொற்களே அடிக்கடி சிக்கும், கணக்கு ஊதிவிடும். எட்வர்ட் தார்ண்டைக் 1924இலேயே இதை எச்சரித்தார். அப்படியிருந்தும் 1940இல் சீஷோரும் எக்கர்சனும் பக்கத்தில் குறிப்பிட்ட இடத்திலுள்ள சொல்லை எடுக்கும் முறையைப் பின்பற்றி, அமெரிக்கக் கல்லூரி மாணவருக்குச் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் தெரியும் என்று அறிவித்தார்கள். 1990இல் கோல்டன், நேஷன், ரீட் மூவரும் இந்தப் பிழையைத் தவிர்த்து, வேரடிச் சொற்களை மட்டும் எண்ணினார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பட்டதாரிகளுக்கு அவர்கள் கண்ட அளவு ஏறத்தாழ 17,000. எனவே பக்கத்தில் உள்ள எல்லாச் சொற்களையும் எடுங்கள். நீளமானது, குட்டையானது என்று பார்க்க வேண்டாம்.

எனக்கு 6,000 சொற்குடும்பங்கள் என்று வந்தது. போதுமா?

எதற்குப் போதுமா என்று கேட்க வேண்டும். 300 சொற்கள் உள்ள ஒரு புத்தகப் பக்கத்தைக் கற்பனை செய்யுங்கள். அதில் 95 சதவீதம் தெரிந்தால் 15 சொற்கள் தெரியாதவை. ஏறத்தாழ இரண்டு வரிக்கு ஒருமுறை தடுக்கி விழுவீர்கள். 98 சதவீதம் தெரிந்தால் 6 சொற்களே தெரியாதவை; சூழலைக் கொண்டு ஊகித்துக்கொண்டு போய்விடலாம். பிறர் உதவியின்றி இன்பமாகப் படிக்க அந்த 98 சதவீதம் வேண்டும் என்பது ஹூவும் நேஷனும் 2000இல் செய்த ஆய்வின் முடிவு. அதை எட்ட, நாவல்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், காதால் கேட்கும் பேச்சுக்கு 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் தேவை என்று நேஷன் 2006இல் கணித்தார்.

ஆகவே 6,000 என்பது கைவிடப்பட வேண்டிய நிலை அல்ல. உரையாடலைப் பின்தொடர்வதற்கு வாசலில் நிற்கிறீர்கள். நாவலுக்கு இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். உயர்கல்விப் பாடநூல்கள்தான் உங்கள் தேவை என்றால் வேறொரு குறுக்குவழியும் இருக்கிறது. அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் மட்டுமே. அவற்றை முடித்துவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம்.

ஷேக்ஸ்பியருக்கு எத்தனை சொற்கள் தெரிந்திருக்கும்?

இதைக் கேட்காத வகுப்பே இல்லை. அவருடைய படைப்புகளில் மொத்தம் 8,84,647 சொற்கள். வெவ்வேறு வடிவங்கள் என்று பார்த்தால் 31,534. அவற்றில் 14,376 ஒரே ஒருமுறை மட்டும் வருகின்றன. 1976இல் பிராட்லி எஃப்ரான், ரொனால்ட் திஸ்டெட் என்ற இரு புள்ளியியலாளர்கள் அந்த ஒருமுறைச் சொற்களையே துருப்பாகப் பிடித்துக்கொண்டு, அவர் அறிந்திருந்தும் எழுதாமல் விட்டவை குறைந்தது இன்னும் 35,000 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். காட்டில் கண்ட வண்ணத்துப்பூச்சிகளை வைத்துக் காணாத இனங்களைக் கணிக்கும் அதே கணக்கு. ஒருவர் பயன்படுத்தும் சொற்களுக்கும் அவருக்குத் தெரிந்த சொற்களுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை இதைவிட அழகாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை.

படித்தால் புரிகிறது, பேசும்போது மட்டும் சொல் வருவதில்லை. தேர்வு இதைக் காட்டுமா?

காட்டாது. மேலே சொன்ன பலவுள் தெரிவு, 'ஆம்–இல்லை' தேர்வுகள் இரண்டுமே புரிதலை மட்டும் அளப்பவை. நாவில் வரும் சொற்கள் எப்போதும் குறைவு, தாய்மொழியிலும் அப்படித்தான். அகராதிச் சோதனையில் மூன்று கட்டங்கள் போடச் சொன்னது இதற்காகவே. முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் புதிய சொற்பட்டியல் உங்களுக்கு இப்போது வேண்டாம். தெரிந்த சொற்களை வைத்துத் தினமும் பத்து வரி எழுதுங்கள்.

தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைக் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் பொருளைச் சரிபார்த்துவிட்டு. பஸ், டிக்கெட் போன்றவற்றில் சிக்கல் இல்லை. 'டார்ச்' என்றால் நமக்கு மின்விளக்கு. அமெரிக்க ஆங்கிலத்தில் அது தீப்பந்தம். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான். அதனால் கட்டைகளைப் பிணைத்த மிதவை என்று தமிழர் தயங்காமல் எழுதுவார். ஆங்கிலத்தில் இன்று அது பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. நம் வீட்டிலிருந்து போன சொல் அங்கே வேறு உடை போட்டிருக்கிறது. பழகிய சொல் என்பதற்காகவே இவற்றை இரண்டு முறை பார்க்கச் சொல்கிறேன்.

அரிய சொற்களை மனப்பாடம் செய்தால் எண் ஏறுமா?

ஏறும். அழகு என்று பொருள்படும் 'பல்கிரிட்யூட்' போன்ற சொற்களை நெட்டுருப் போட்டு, அவற்றில் ஒன்று நேஷன் வகைத் தேர்வில் வந்துவிட்டால் உங்கள் கணக்கில் 100 சொற்குடும்பங்கள் கூடும். மூளையில் கூடியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கேள்வியும் தன்னோடு நூறு சொற்களின் சார்பாக வந்து நிற்கிறது. பிரதிநிதியை மட்டும் பிடித்துவைத்தால் பின்னால் ஊர் இருக்காது. முதல் மூன்று, நான்கு அடுக்குகளிலேயே ஓட்டை வைத்துக்கொண்டு அரிய சொற்களைத் தேடிப் போகும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. எந்த அடுக்கில் முதன்முதலாகத் தடுமாறினீர்களோ அந்த அடுக்கிலிருந்து தொடங்குங்கள்.

வயது கூடினால் சொல்வளம் குறையுமா?

இல்லை. கென்ட் ஆய்வில் 20 வயதில் 42,000 தலைச்சொற்கள் இருந்தது 60 வயதில் 48,200 ஆகிறது. ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு புதிய சொல். பெயர்கள் நினைவுக்கு வரத் தாமதமாகலாம், சொற்கள் சேர்வது நிற்பதில்லை.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சோதிக்கலாம்?

ஆண்டுக்கு ஒருமுறை. நாளுக்கு மூன்று சொற்கள் மனதில் தங்கினால் ஓராண்டில் ஆயிரத்தைத் தாண்டும். அதற்கு முன் சோதித்தால் தேர்வின் ஏற்ற இறக்கமே உங்கள் வளர்ச்சியைவிடப் பெரிதாக இருக்கும்; மாதாமாதம் ஏறி இறங்கும் எண்ணைப் பார்த்து வீணாக மனம் அலையும். எப்போதும் ஒரே வகைத் தேர்வை எழுதுங்கள். எண்ணோடு விடைத்தாளையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு அதை எடுத்து, 'சந்தேகம்' என்று குறித்த சொற்களை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள். போன ஆண்டு என் தாளில் அப்படி 41 சொற்கள் இருந்தன. இந்த முறை அவற்றில் 17 சொற்களுக்கு அகராதியைப் பார்க்காமலே வாக்கியம் எழுத வந்தது.